சாவரில் கற்ற பாடம்

பங்களாதேஷின் தலைநகர் டாக்காவிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தூரத்தில் சாவர் இருக்கிறது. பஸ்களும் லொறிகளும் ரிக்ஷாக்களும் முட்டிமோதும் வீதி. 2013 ஏப்ரல் 24இல் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது இங்கேதான். அவர்களில் பெரும்பாலானோர் தையல் வேலைக்கு வந்த பெண்கள். காயமடைந்தவர்கள் பலரைப் பராமரித்த சி.ஆர்.பி. புனர்வாழ்வு நிலையத்தைப் பார்க்க 2019இல் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது.

வலரி டெய்லர் என்ற ஆங்கிலேய இயன்மருத்துவப் பெண்மணி 1979இல் டாக்கா வைத்தியசாலை ஒன்றின் பழைய சீமெந்துக் களஞ்சிய அறைகளில் நான்கு நோயாளருடன் இதனைத் தொடங்கினார். மரத்திலிருந்து விழுந்தவர்கள், தலையில் பாரம் சுமந்து தடுக்கி விழுந்தவர்கள் என முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட ஏழைகளே இங்கு அதிகம் வருகிறார்கள்.

என்னை நெடுநேரம் நிற்க வைத்தது சக்கர நாற்காலிப் பட்டறை. 1991இல் லண்டனில் படித்த சில இளைஞர்கள் இங்கு வந்து, உள்ளூர்ப் பொருட்களைக் கொண்டு நாற்காலி செய்ய வழிகாட்டினார்கள். அவர்களில் ஒருவரான டேவிட் கொன்ஸ்டன்ரைன் தாமும் சக்கர நாற்காலியில் இருப்பவர். உள்ளூர்க் கடையில் உதிரிப்பாகம் கிடைத்தால்தானே உடைந்ததைத் திருத்தலாம்!

ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு இடுப்பின் அகலம், தொடையின் நீளம், முழங்காலிலிருந்து பாதம் வரை எல்லாம் அளந்தார்கள். சட்டைக்கு அளவெடுப்பது போல இருந்தது. "உங்கள் வீட்டு வாசல் எவ்வளவு அகலம்? அடுப்பு நிலத்திலா?" என்றும் கேட்டார்கள்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. 2011இல் வன்னியில் மீள்குடியேறிய ஓர் அம்மாவுக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த நாற்காலியொன்றை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வைத்தியசாலைத் தரைக்கென்று செய்யப்பட்டது. முன் சில்லுகள் முற்றத்து மணலில் புதைந்தன. இருக்கை அகலம், மெத்தையும் இல்லை. சில மாதங்களில் அவருக்குப் படுக்கைப்புண் வந்துவிட்டது. "ஏன் அம்மா சொல்லவில்லை?" என்றேன். "தந்ததைக் குறை சொல்லலாமா, பிள்ளை?" என்றார். என் அறிக்கையிலோ 'சக்கர நாற்காலி: 1, வழங்கப்பட்டது' என்று இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டியும், நாற்காலியைக் கொடுப்பது மட்டும் போதாது, அளவு பார்த்துப் பொருத்தி, பாவிக்கப் பழக்கி, பின்னர் திருத்தியும் கொடுக்க வேண்டும் என்றே சொல்கிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கு நாற்காலி கொண்டுவருபவர்களிடம் இவற்றைக் கேளுங்கள்:

இது என் அளவுக்குச் சரியா? மெத்தை உண்டா? மணலிலும் மலசலகூடப் பாதையிலும் ஓடுமா? சில்லு பழுதானால் யார் திருத்துவது?

நாற்காலியில் இருப்பவர் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைச் சற்றுத் தூக்க வேண்டும். தோல் சிவந்திருக்கிறதா என்று நாள்தோறும் பாருங்கள். உணர்ச்சியற்ற இடத்தில் புண் வலிக்காது, கண்தான் காட்டிக்கொடுக்கும்.

சாவரிலிருந்து திரும்பிய நாள் முதல் என் பையில் ஓர் அளவுநாடா இருக்கிறது. அந்த அம்மாவின் வீட்டு வாசலைத்தான் முதலில் அளந்தேன். கேள்வி கேட்பது நன்றி மறப்பதல்ல என்று அவருக்கும் சொன்னேன்.