அப்பா சும்மாதான் சொன்னார்

சார்லி சாப்ளினின் 'தி கிட்' என்னும் மௌனப் படத்தை நாம் மூன்று முறை பார்த்திருக்கிறோம். முதல் முறை, பள்ளி விடுதியின் உணவறைச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, விடுதித் தந்தை இரவல் வாங்கி வந்த கருவியில் ஓட்டிக் காட்டியபோது. வயிறு நோகச் சிரித்தோம். இரண்டாம் முறை, 1977 கிறிஸ்து பிறப்பு நாளன்று சாப்ளின் காலமான பின், அவர் நினைவாக நண்பர்கள் திரையிட்டபோது. அன்று கண் கலங்கினோம். மூன்றாம் முறை, சென்ற விடுமுறையில், எம் இளைய மகனோடும் அவனுடைய ஏழு வயது மகளோடும் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து. இம்முறை சிரிப்பும் வரவில்லை, கண்ணீரும் வரவில்லை. மகனின் முகத்தைத் திரும்பிப் பார்க்கக் கூசி, திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏன் என்பதைப் பிறகு சொல்லுகிறோம்.

தெருவில் கிடந்த குழந்தையை ஓர் ஏழை நாடோடி எடுத்து வளர்ப்பதே படத்தின் கதை. சிறுவனுக்கு ஐந்து வயதாகிறது. பிழைப்புக்கு இருவரும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். மகன் முன்னே போய்க் கல்லெறிந்து வீட்டுச் சன்னல்களை உடைப்பான். தந்தை முதுகில் கண்ணாடிகளைச் சுமந்துகொண்டு தற்செயலாக வருபவர்போல வந்து, மாற்றிப் பொருத்திக் காசு வாங்குவார். திருட்டுத்தனம்தான், எனினும் வீட்டில் அடுப்பருகே நின்று அப்பம் சுடும் மகனும், அடுக்கிய அப்பங்களைப் பாதி பாதியாகப் பங்கிடும் தந்தையும் வரும் காட்சியில் அந்தத் திருட்டை நாம் மன்னித்துவிடுகிறோம். மகன் உழைப்பில் வந்த அப்பத்தில் மகனுக்குச் சரிபாதி. இதைக் கவனிக்க நமக்கு மூன்றாம் முறை பார்க்க வேண்டியிருந்தது.

அந்தச் சிறுவனாக நடித்தவர் ஜாக்கி கூகன். 1914 அக்டோபர் 26-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தவர். தந்தை மேடைகளில் ஆடுபவர். தாயும் சிறு வயதிலேயே மேடை ஏறியவர். அந்நாளில் அமெரிக்காவில் 'வாட்வில்' என்றொரு மேடைக்கலை செழித்திருந்தது. ஒரே இரவில் பாட்டு, ஆட்டம், கழைக்கூத்து, கோமாளித்தனம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். குடும்பம் குடும்பமாக ஊர் ஊராகச் செல்வார்கள். அத்தகைய குடும்பத்தில் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போக வழியில்லை. எனவே தொட்டில் மேடைக்குப் பின்னே இருக்கும். நடக்கத் தெரிந்தால் மேடைக்கே வந்துவிடும். 1919-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஆர்ஃபியம் அரங்கில், தந்தையின் ஆட்டம் முடிந்ததும் நாலு வயது மகன் வந்து நின்று ஓர் ஆட்டம் ஆடி, அவையோரை வணங்கினான். அவையில் சாப்ளின் இருந்தார். அதே ஆண்டு ஜூலையில் சாப்ளினின் முதற்குழந்தை பிறந்த மூன்றாம் நாளே இறந்திருந்தது. மகனை இழந்தவர், மகனாக நடிக்க ஒருவனைக் கண்டுகொண்டார்.

படத்தின் உயிர்க்காட்சி எது என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். அநாதை இல்லத்து அதிகாரிகள் சிறுவனைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். அவன் இரு கைகளையும் நீட்டிக்கொண்டு கதறுகிறான். நாடோடி வீட்டுக் கூரைகளின்மேல் ஓடிவந்து வண்டியில் குதித்து அவனை மீட்கிறான். இதைப் படமாக்கிய நாளை 1964-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் சாப்ளினே விவரித்திருக்கிறார். ஜாக்கிக்கு அன்று அழுகை வரவில்லை. துள்ளிக்கொண்டிருந்தான். நான் அழ வைக்கிறேன் என்று தந்தை முன்வந்தார். அழாவிட்டால் படநிலையத்திலிருந்து அழைத்துச் சென்று உண்மையாகவே அநாதை விடுதியில் விட்டுவிடுவேன் என்றார். பிள்ளை வீறிட்டு அழுதான். காட்சி முடிந்ததும் சாப்ளின் அவனை வாரி எடுத்து, உன்னை யாரும் கொண்டுபோக மாட்டார்கள் என்று தேற்றினார். அதற்கு அவன், தனக்கு அது தெரியும் என்றும், அப்பா சும்மாதான் சொன்னார் என்றும் காதோடு சொன்னானாம்.

சாப்ளின் இதை ஒரு வேடிக்கைபோலச் சொல்லிவிட்டுக் கடந்து போகிறார். நம்மால் அவ்வாறு கடந்து போக இயலவில்லை.

1921 ஜனவரியில் படம் வெளியானது. பிள்ளை உலகப்புகழ் பெற்றான். அவன் பெயரில் பொம்மை, ஊதல், எழுதுதாள், வேர்க்கடலை வெண்ணெய் எல்லாம் விற்பனைக்கு வந்தன. 1922-இல் 'ஆலிவர் ட்விஸ்ட்'. 1924-இல், அண்மைக் கிழக்கு நாடுகளில் அகதிகளாய்த் தவித்த ஆர்மீனிய, கிரேக்கக் குழந்தைகளுக்காக நிதியும் உணவும் உடையும் திரட்டப் புறப்பட்டு, பத்து இலட்சம் டாலருக்கும் மேல் மதிப்புள்ள உதவி சேரக் காரணமாயிருந்தான். கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை அவன். அப்பயணத்தில் உரோமையில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதரையும் சந்தித்தான். ஊரார் பிள்ளைகளுக்கு இவ்வளவு சேர்த்துக் கொடுத்தவனுக்கு வீட்டில் கிடைத்தது வாரம் ஆறேகால் டாலர் கைச்செலவுப் பணம்.

குழந்தை நட்சத்திரங்களுக்கு ஒரு பகைவன் உண்டு: வளர்ச்சி. கழுத்துவரை தொங்கிய அவன் கேசத்தை வெட்டுவதையே கருவாக வைத்து 1927-இல் ஒரு படம் எடுத்துக் காசாக்கினார்கள். அதற்குமேல் வெட்ட ஒன்றுமில்லை. 1930-இல் டாம் சாயராகப் பேசும் படத்தில் வந்தார். பின்னர் வாய்ப்புகள் அருகின. இயேசு சபையாரின் சாண்டா கிளாரா கல்லூரியில் சிறிது காலம் படித்தார். 1935 மே மாதத்தில் சான் டியேகோவுக்குக் கிழக்கே மலைப்பாதையில் அவர்கள் சென்ற கார் உருண்டது. தந்தை மாண்டார், டாம் சாயரோடு ஹக் ஃபின்னாக நடித்த தோழன் ஜூனியர் டர்கின் மாண்டார், மேலும் இருவர் மாண்டனர். பிழைத்தவர் ஜாக்கி ஒருவரே.

அவ்வாண்டு அக்டோபரில் அவருக்கு 21 வயது நிரம்பியது. சேர்த்து வைத்த பொருள் இனித் தம் கைக்கு வரும் என்று நம்பியிருந்தார். குழந்தைப் பருவத்தில் அவர் ஈட்டியது முப்பது, நாற்பது இலட்சம் டாலர் என்று கணக்கிடுகிறார்கள். தாய் இதற்கிடையே குடும்பத்தின் நிதி ஆலோசகரை மணந்துகொண்டார். இருவரும் கொடுக்க மறுத்தார்கள். 1938-இல் பெற்ற தாயின்மேல் மகன் வழக்குத் தொடுத்தார். கலிஃபோர்னியாவின் அன்றைய சட்டப்படி, உரிய வயதை எட்டாத பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம். எஞ்சியிருந்ததோ இரண்டரை இலட்சம் டாலர் அளவே. அதில் அவருக்குக் கிட்டியது 1,26,000 டாலர். கையில் பணமின்றி நின்ற ஒரு வேளையில் சாப்ளினை அணுகினார் என்றும், அவர் ஒரு கேள்வியும் கேளாமல் ஆயிரம் டாலர் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். திரையில் அப்பத்தைப் பங்கிட்டவரல்லவா!

தாயைக் கொடியவர் என்று எழுதிவிடுவது எளிது. நாமும் எழுதியிருப்போம், அவர் தரப்பு வாதத்தைப் படித்திராவிட்டால். பிள்ளைக்கு எதுவும் தருவதாக வாக்களிக்கவில்லை என்றார்கள். மேலும், பையன் மகிழ்ச்சியாகத்தான் இருந்தான். கருவியின் முன்னே விளையாடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான் என்றார்கள். விளையாட்டுக்குக் கூலி ஏது? இந்த இரண்டாம் வாதத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்தோம். அது நாமே எம் மனைவியிடம் சொன்ன சொல்.

1996. எம் இளைய மகனுக்கு ஏழு வயது. பங்கில் நாம் எழுதி நடத்திய கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் இடையச் சிறுவனாக வந்து, கையிலிருந்த ஆட்டுக்குட்டி திமிறி ஓடியபோது அதைத் துரத்தியவாறே வசனத்தையும் விடாமல் சொல்லி முடித்தான். கூட்டம் கைதட்டிற்று. பார்த்திருந்த ஒருவர் வழியாகத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நடிக்க அழைப்பு வந்தது. விடுப்பெடுத்துக்கொண்டு சென்னைக்கு அழைத்துச் சென்றோம். ஒன்பது நாள் படப்பிடிப்பு. பேருந்து நிலையத்தில் தந்தையைத் தொலைத்துவிட்டு அழும் காட்சி ஒன்று இருந்தது. அவனுக்கோ சிரிப்பு. விளக்கு சூடேறுகிறது, மதிய உணவு தாமதமாகிறது, எல்லாரும் நம்மைப் பார்க்கிறார்கள். நாமே அவனருகே போனோம். "அழாட்டா உன்னை இங்கேயே விட்டுட்டு ராத்திரி பஸ்ஸுல ஊருக்குப் போயிடுவேன்" என்றோம். சொன்னதோடு நில்லாமல், எங்கள் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து, சாமான் வண்டிக்குப் பின்னே மறைந்து நின்றோம். ஜாக்கியின் தந்தைகூட இவ்வளவு செய்ததாகச் சாப்ளின் எழுதவில்லை.

ஒரே தடவையில் காட்சி நன்றாக அமைந்தது. திரும்பி வந்து, "சும்மா சொன்னேன்டா" என்று அணைத்தோம். தனக்குத் தெரியும் என்று அவன் சொல்லவில்லை. பையை நம் தோளிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். மறுவாரம் ஊர் வந்து சேரும்வரை அதை விடவில்லை. தூக்கத்திலும் அதன் வார் அவன் மணிக்கட்டில் சுற்றியிருந்தது.

எட்டாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். அவ்வாண்டு அடுக்களை ஓடு ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்துத் தளம் போட்டோம். அவன் பெயரில் கொஞ்சம் போட்டு வைக்கலாமே என்று மனைவி கேட்டபோதுதான், அவன் விளையாடினதுக்கு எதுக்கு வங்கிக் கணக்கு என்று நாம் சொன்னது. தீய எண்ணமில்லை. அது ஒரு கேள்வியாகவே நம் மனத்தில் எழவில்லை என்பதே உண்மை. கலிஃபோர்னியத் தாய்க்கும் எழுந்திராது.

ஜாக்கி கூகனின் வழக்கு அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஈட்டித் தரவில்லை. பின்வந்த பிள்ளைகளுக்கு ஈட்டித் தந்தது. 1939-இல் கலிஃபோர்னியா குழந்தை நடிகர் சட்டத்தை இயற்றியது. அவர் பெயராலேயே அது வழங்குகிறது. ஓட்டைகள் நிறைந்த சட்டம். நீதிமன்றத்தின் ஒப்புதலுக்கு வந்த ஒப்பந்தங்களை மட்டுமே அது கட்டுப்படுத்தியது, வராதவை தப்பின. 2000-இல் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோதுதான், சம்பாத்தியம் பிள்ளையின் சொத்து என்பதும், அதில் 15 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் ஒதுக்க வேண்டும் என்பதும் உறுதியாயின.

அவர் முடங்கிப் போகவில்லை. 1941-இல் படையில் சேர்ந்து, எந்திரமில்லா மிதவை விமானம் ஓட்டக் கற்று, நம் நாட்டுக்கே வந்தார். 1944 மார்ச் 5-ஆம் நாள் இரவு அஸ்ஸாமின் லாலாகாட்டிலிருந்து எழும்பிய அவ்விமானங்கள், ஜப்பானியர் வசமிருந்த பர்மியக் காட்டின் நடுவே பிரித்தானிய வீரர்களை இறக்கின. அவற்றை ஓட்டியவர்களில் அவரும் ஒருவர். அந்த இருட்டில் பின்னே அமர்ந்திருந்த வீரர்களில் எத்தனை பேர், சிறுவயதில் அவர் அழுததைப் பார்த்து அழுதவர்களோ!

போருக்குப் பின் தொலைக்காட்சி புதிதாய் வீடுகளுக்குள் நுழைந்தது. திரை மறந்த முகத்துக்கு அங்கே இடமிருந்தது. 1952-53-இல் 'கவ்பாய் ஜி-மென்' தொடரில் நாயகனின் துணைவர். பிறகு கிடைத்த வேடமெல்லாம். 1964 முதல் 1966 வரை 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' தொடரில் ஃபெஸ்டர் மாமாவாக வந்தார். மழித்த மொட்டைத் தலை, கண்ணைச் சுற்றிக் கருமை, பருத்த உடல்; வாயில் மின்குமிழை வைத்தால் அது எரியும். உலகமே கொஞ்சிய முகம் இதுவா என்று வருந்தி எழுதியவர்கள் உண்டு. நாம் வருந்தவில்லை. அந்தக் கோமாளியில் ஒரு விடுதலை தெரிகிறது. ஐம்பது வயதில் அவர் விளையாடினார். கூலி அவர் கைக்கே வந்தது.

1972-இல் சாப்ளின் நெடுநாளைக்குப் பின் அமெரிக்கா திரும்பியபோது, வரவேற்கச் சென்றவர்களில் கூகனும் இருந்தார். கிழவரும் மொட்டைத் தலையரும் கட்டிக்கொண்டார்கள். 1984 மார்ச் 1-ஆம் நாள், 69-ஆம் வயதில் அவர் இறந்தார். கல்வர் நகரில் திருச்சிலுவைக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்.

சென்ற விடுமுறைக்கு வருவோம். திரையில் அந்த வண்டிக் காட்சி வந்தது. பேத்தி, "அப்பா, அந்தப் பையன் நிஜமாவே அழறானா?" என்று கேட்டாள். எம் மகன் சாப்ளினின் நூலைப் படித்தவனல்லன். திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல், "நிஜமாத்தான் அழறான். அவங்க அப்பா விட்டுட்டுப் போயிடுவேன்னு சொல்லியிருப்பாரு" என்றான். குரலில் கசப்பு ஒன்றுமில்லை. நமக்குத்தான் தலை நிமிரவில்லை.

இப்போது பேத்திக்கு ஒரு விளம்பரப் படத்தில் நடிக்க அழைப்பு. எம் மகன் விதிகளை அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தான். 2017 முதல் நம் நாட்டில், குழந்தைக் கலைஞருக்கு ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. இடைவேளையின்றி மூன்று மணிக்கு மேல் கூடாது. வருமானத்தில் 20 விழுக்காடேனும் அரசுடைமை வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். இருபதில்லை, நூறும் அவள் பெயரில்தான் என்று அவன் முன்னமே முடிவு செய்திருந்தான். அந்த எட்டாயிரத்தைப் பற்றி நாமாகவே பேச்செடுத்தோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வட்டி எவ்வளவாகும் என்றும் கேட்டோம். "விடுங்கப்பா, அந்தத் தளத்துக்குக் கீழேதானே நானும் சாப்பிட்டேன்" என்று சிரித்தான்.

பிறகு, தனக்கும் மருமகளுக்கும் அன்று விடுப்பு இல்லை என்றும், படப்பிடிப்புக்கு நாம்தான் பேத்தியோடு போக வேண்டும் என்றும் சொன்னான். நமக்குப் பேச்சு வரவில்லை. குறித்த நாளில் விடியற்காலை வாசலில் வண்டி வந்து நின்றது. பேத்தியின் துணிப்பையை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினோம். அவன் அதை அவள் தோளில் மாட்டிவிட்டு, "பை அவகிட்டயே இருக்கட்டும்ப்பா" என்றான்.