இரண்டாவது படுக்கையறை

வங்கியில் கடன் பிரிவுக்கு என்னை மாற்றியதிலிருந்து நாளொன்றுக்கு ஐந்தாறு வீட்டு வரைபடங்களாவது கையில் வருகின்றன. கவிதைகளைக் காட்டிலும் கவனமாக அவற்றைப் படிக்கிறேன். படிக்கச் சம்பளம் தருகிறார்கள். 'லக்ஸரி' என்ற அடைமொழி இல்லாமல் சென்னையில் இப்போது கட்டடம் எழும்புவது அபூர்வம். இந்த ஆடம்பரம் எங்கே என்று தேடினால், வீட்டுக்குள் இல்லை. கீழே வரவேற்புக் கூடத்தில், நீச்சல் குளத்தில், ஜிம்மில், லிஃப்டுக்கு முன்னால் பதித்த கல்லில் இருக்கிறது. அத்தனையும் சதுர அடிக் கணக்காக வாங்குகிறவன் தலையில் ஏறும். சென்ற மாதம் பார்த்த இரண்டு படுக்கையறை வீடு ஒன்று விளம்பரத்தில் 1,150 சதுர அடி; சுவர்களுக்குள் நடமாடக்கூடிய கார்ப்பெட் ஏரியா 780. இந்த இரண்டாவது எண்ணைச் சொல்லியே ஆகவேண்டும் என்று 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. கவிதையில் சொல்லுக்கும் அனுபவத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்க இப்படி ஒரு சட்டம் வந்தால் நம்மில் பலர் கடையைக் கட்ட வேண்டியிருக்கும்.

பத்திரங்களின் பாஷை வேறு. பழைய கிரயப் பத்திரத்தில் வீட்டுக்கு நான்கு எல்லை உண்டு; இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, தெருவுக்கு வடக்கு என்று. ஏழாவது மாடி வீட்டுக்கு அப்படிச் சொல்ல முடியாது. நான்கெல்லை கீழே உள்ள மொத்த மனைக்குத்தான். அதில் வாங்குகிறவனுக்கு ஒரு 'பிரிபடாத பங்கு'. எந்த இடம் என்று காலால் மிதித்துக் காட்ட முடியாத, அருவமான மண். சொந்தம் என்கிற பிரக்ஞைக்கு இது ஒரு புதுத் தளம் என்றே எனக்குப் படுகிறது. நம் கவிஞர்கள் இதைத் தொடவில்லை. அவர்களுக்கு அடுக்குமாடி என்றால் தீப்பெட்டி, புறாக்கூண்டு. எதிரே வைக்க ஒரு திண்ணை. அந்தத் திண்ணையில் யார் ஏறி உட்காரலாம், யார் தெருவில் நின்றே பேசவேண்டும் என்ற கணக்கு கவிதைக்குள் வருவதில்லை. வீட்டுவேலைக்கு வருகிற பெண்ணுக்குத் தனி லிஃப்ட் வைக்கும் கட்டடங்கள் இருக்கின்றன. திண்ணைக்காகக் கண்ணீர் விடுகிறவர் அதையும் போய்ப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

நான் வளர்ந்தது பெரம்பூரில். அங்கே பக்கிங்ஹாம் அண்டு கர்னாடிக் மில், நாங்கள் சொல்வது பின்னி மில், 1996-ல் மூடப்பட்டது. 1918-ல் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில் தொழிலாளிகளை வைத்துத்தான் உருவாயிற்று. 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு. மூடிய பிறகு சினிமாக்காரர்கள் வந்து சண்டைக்காட்சி எடுத்தார்கள். இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடிகள். இதற்காக அழ எனக்கு வரவில்லை. நாங்கள் இருந்தது பக்கத்தில் ஒரு ஒண்டுக்குடித்தனம்: ஒரு அறை, ஐந்து பேர், பொதுக் குழாய். அதில் அம்மா படுத்தது சமையல் மூலைக்கும் வாசற்படிக்கும் நடுவில். பின்னால் வந்த வாடகை வீடுகள் ஒவ்வொன்றிலும், அவை எவ்வளவு பெரிதானாலும், அவள் பாய் விழுந்தது ஏறக்குறைய அதே இடத்தில்தான்.

மனைவியின் சம்பளத்தையும் என்னுடையதையும் சேர்த்துக் காட்டினால் எங்களுக்கு 75 லட்சம் கடன் கிடைக்கும். எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம்: மாதம் 65,000 சொச்சம், மொத்தம் ஒரு கோடியே 56 லட்சம். மற்றவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்கும்போது கை இவ்வளவு தயங்கியதில்லை.

பார்த்து வைத்திருக்கும் வீட்டில் இரண்டாவது படுக்கையறை பத்துக்குப் பத்து. வரைபடத்தில் கட்டிலும் மேஜையும் வரைந்து 'குழந்தைகள் அறை' என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் பெண்ணுக்கு நாலு வயசு, எங்களோடுதான் படுக்கிறாள். அறையை என் புத்தகங்களுக்கென்று மனசில் ஒதுக்கியிருந்தேன். வர்ஜீனியா வுல்ஃப் 1929-ல், எழுத நினைக்கும் பெண்ணுக்குக் கேட்டது வருஷம் 500 பவுண்டும் பூட்டுப் போட்ட ஓர் அறையும். பி.ஏ.யில் அதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான். எழுதாத பெண்ணுக்கு அறை எதற்கு என்ற கேள்வி வினாத்தாளில் இல்லை.

அம்மாவிடம் வரைபடத்தைக் காட்டினேன். "எனக்கு எதுக்குடா ரூமு? கதவச் சாத்துனா மூச்சு முட்டும். நான் ஹால்லயே படுத்துக்குறேன்" என்றாள். எனக்குச் சௌகரியமான பதில்தான். மனைவி விடவில்லை. "வேணாம்னு சொல்லத்தான் அவங்களுக்குக் கத்துக்குடுத்திருக்கு. அதப் போய்ப் பதிலா எடுத்துக்காதீங்க." பென்சிலை எடுத்து 'குழந்தைகள் அறை'யை அடித்துவிட்டு 'அத்தை' என்று எழுதினாள். அன்று இரவு அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் எந்தப் பக்கம் வருகிறது என்று மட்டும் கேட்டாள். கிழக்கு என்றேன்.

இருபது வருஷத்துச் சிறுபத்திரிகைக் கட்டுகள் என்னிடம் நாலு அட்டைப்பெட்டி இருக்கின்றன. பரண் உண்டா என்று விற்பனைப் பையனிடம் விசாரித்தேன். லாஃப்ட் போட்டால் லுக் போய்விடும், லக்ஸரி பிளாட்டில் தருவதில்லை என்றான்.