கோபாபெப்: மணலுக்கு அடியில் ஓர் ஊர்

நமீபியாவின் வால்விஸ் பே துறைமுகத்தை விட்டுத் தென்கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல் சரளைக்காட்டில் போனால் கோபாபெப். நாமா மொழியில் அத்திமரத்து இடம் என்று பொருள். கடை, சந்தை எதுவும் கிடையாது. 1962இல் ஆஸ்திரியப் பூச்சியியலாளர் சார்லஸ் கோக் தொடங்கிய ஆய்வு நிலையம்தான் ஊர்.

குய்செப் ஆறு பெரும்பாலும் வெறும் மணல்தான். ஆனாலும் ஊரின் எல்லைக்காவல் அதனிடம்தான். வடக்கே சரளை, தெற்கே செம்மணல் குன்றுகள். காற்று ஆற்றுக்குள் தள்ளும் மணலை எப்போதாவது வரும் வெள்ளம் வாரிக்கொண்டு போவதால் குன்றுகள் அக்கரை ஏறுவதில்லை. ஆற்றோரம் டாப்னார் மக்கள் நாரா என்ற முள்செடியின் காய்களைப் பறித்துப் பிழைக்கிறார்கள். மழை ஆண்டுக்குச் சுமார் 25 மில்லிமீட்டர். அட்லாண்டிக் பனிமூட்டம்தான் இங்கே தண்ணீர்.

ஆனால் நான் சொல்ல வந்தது தென்கரைக் குடிகளைப் பற்றி. சக்கரச் சிலந்தி வலை விரிப்பதில்லை. சரிந்த மணலில் அரை மீட்டர் நீள வளை தோண்டி, இடிந்து விழாமல் பட்டிழையால் உள்ளே பூசிக்கொள்கிறது. இரண்டு சென்டிமீட்டர் உயிர், ஒரு வளைக்குப் பத்து லிட்டர் மணல் வரை அள்ளி வெளியே போடுகிறது. இரவில்தான் வேட்டை.

எதிரி ஒரு குளவி. நம் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவியைப் போலத்தான்: கொட்டி முடக்கி, மேலே முட்டையிட்டுவிடும். வளையைத் தோண்டிக்கொண்டு அது வந்துவிட்டால், சிலந்தி வெளியே பாய்ந்து கால்களை மடக்கி, பக்கவாட்டில் உருண்டு இறங்கிவிடுகிறது. உச்சத்தில் நொடிக்கு 44 சுற்று. தட்டை நிலத்தில் இந்த வித்தை செல்லாது. மனை பார்க்கும்போதே தப்பும் வழியையும் பார்த்துவிடுகிற ஜீவன்!

இதன் அண்டைவீட்டுக்காரி சியோதைரா என்ற சிலந்தி வேறு ரகம். மணல்மேல் பட்டுப்பாய் விரித்து, அதன் ஒட்டும் விளிம்பில் எறும்பு மாட்டும்வரை கீழே காத்திருப்பாள். மேல்மணல் 65 டிகிரி கொதித்தாலும் ஓடி வந்து இரையைப் பிடித்துவிட்டு, உடலை ஆற்றிக்கொள்ள உள்ளே இறங்கிவிடுவாள்.

2013இல் நமீப் மணற்கடல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. குன்றைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மணலில் மான் குளம்புத் தடம்போல் ஒரு பள்ளம் தெரிந்தால் சுற்றிப் போங்கள். அது சியோதைராவின் பாயாக இருக்கலாம்; கீழே அவள் இருக்கலாம்.