கரிசல் காட்டில் ஒரு பேண்டு முழக்கம்

அருப்புக்கோட்டையில் பேருந்து ஏறிய சிறிது நேரத்தில் தறிகளின் ஓசையும் மல்லிகையின் மணமும் பின்தங்கி விடுகின்றன. அதன் பின் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடுதான். வானத்தை நம்பிப் பருத்தியும் மிளகாயும் மல்லியும் விதைக்கும் பூமி இது. விதைப்பு நின்றுபோன நிலங்களில் சீமைக் கருவேலம் அரசாளுகிறது. இரமண மகரிஷி 1879-இல் பிறந்த திருச்சுழியும் இவ்வட்டாரத்ததே. அதனருகே ஓடும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும்.

கோடை மாலையொன்றில் எம்.ரெட்டியபட்டியில் இறங்கி, அப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றை நோக்கி நடந்தேன். ஊர் தெரியுமுன்னே ஓசை வந்து வரவேற்றது. சிற்றாலயத்தின் முன்னே, வேப்பமரத்தடியில், திருவிழாவிற்காகப் பேண்டுக் குழுவினர் பழகிக்கொண்டிருந்தனர்.

கிளாரினெட் வாசித்தவர் கொத்தனார். ட்ரம்பெட் ஊதியவர் பள்ளி மாணவர். பெரிய முரசைத் தோளில் மாட்டியிருந்தவர் அன்று பகல் முழுதும் விறகு வெட்டியவர். நடுவே யூபோனியத்தை மடியில் தாங்கி அமர்ந்திருந்த முதியவரை எல்லாரும் “மாஸ்டர்” என்றே அழைத்தனர்.

“சுருதி சேர்த்துக்கொண்டு தொடங்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

“முதலில் கொஞ்சம் ஊத வேண்டும், ஐயா. குழாய்க்குள் காற்று சூடேறினால் சுருதி ஏறிவிடும். குளிர்ந்த குழாயில் சேர்த்த சுருதி பவனியில் நிற்காது” என்றார் அவர். ட்ரம்பெட்டில் இருப்பவை மூன்றே பொத்தான்கள். மற்றச் சுரபேதங்களையெல்லாம் உதடும் மூச்சுமே உண்டாக்க வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்கான பழக்கம் தேவை.

மேல்நாட்டிலிருந்து வந்த இக்கருவிகள் தமிழகத்திற்குப் புதியவை அல்ல. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசிருந்த இரண்டாம் சரபோஜி மன்னரின் அவையிலே ஐரோப்பிய முறைப் பேண்டு இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றிற்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவையே நோட்டுஸ்வரங்கள் எனப்படுகின்றன. நம் கத்தோலிக்கரான சின்னசாமி முதலியார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கர்நாடக இசையை ஐரோப்பிய இசைக்குறிகளில் பதிப்பிக்க அரும்பாடுபட்டார். இவ்வாறு இரு இசைகளும் கைகோத்துக் கொண்டன.

திருச்சபை பேண்டுக்கு ஓர் எல்லையும் வகுத்தது. இசையின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளில், 1903 நவம்பர் 22 அன்று, புனித பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஏடு ஆலயத்தினுள் பேண்டு வாசிப்பதைத் தடுத்தது. ஆனால் வெளியே நடைபெறும் பவனிகளில், ஆயரின் இசைவோடு, தகுந்த இசையை வாசிக்கலாம் என்றது. ஆகவே பேண்டுக்கு உரிய இடம் தெருவே. மால்டா தீவிலும் அப்படித்தான். அங்கே ஊர்தோறும் பேண்டு மன்றங்கள் உண்டு. வேறு தொழில் பார்ப்போர் பலர் அவற்றில் சேர்ந்து திருவிழாவில் வாசிக்கின்றனர். அத்தீவின் ஊர்த் திருவிழாவை 2023-இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

“உங்களுக்குக் கூலி உண்டா?” என்றேன்.

மாஸ்டர் சிரித்தார். “வெளியூர்க் கலியாணத்துக்குப் போனால் வாங்குவோம். அது முரசுக்குத் தோல் மாற்றவும் வால்வுக்கு எண்ணெய் வாங்கவும் ஆகும். நம் ஊர்த் திருவிழாவுக்கும் சாவுக்கும் காசு இல்லை.”

சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு அவரே தொடர்ந்தார். “ஆனால் எல்லாச் சாவுக்கும் போனோம் என்று சொல்ல மாட்டேன், ஐயா. பல வருடத்துக்கு முன்னால் கீழத்தெருவில் ஒரு பாட்டி இறந்தார். அந்தத் தெருவுக்குப் போகக்கூடாது என்று சிலர் சொன்னார்கள். நாங்களும் போகவில்லை. மறுநாள் பூசைக்குப் போனேன். நன்மை வாங்கக் கால் எழும்பவில்லை. அது நாங்கள் செய்த பாவம்.”

தமிழகத்துச் சிற்றூர்களில் சாவு வீட்டில் பறை கொட்டுவது ஒரு சமூகத்தாரின் மீது சுமத்தப்பட்ட கட்டாய ஊழியமாக நெடுங்காலம் இருந்தது. பறை இழிந்த கருவியன்று. மறுக்கும் உரிமையைப் பறித்த அக்கட்டாயமே இழிவு. யாரும் கட்டாயப்படுத்தாத ஒரு குழு, இறந்தவரின் தெருவைப் பார்த்துத் தன் இசையை மறுக்குமானால், அதுவும் அதே நோயின் மறுபக்கம்தான்.

“இப்போது?” என்று கேட்டேன்.

அவர் ட்ரம்பெட் மாணவரைச் சுட்டிக் காட்டினார். “இவன் கீழத்தெருப் பையன். இவன் கையில் இருப்பது என் மகனுடைய ட்ரம்பெட். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். திருவிழாவுக்கு வந்தால் இருவரும் அதையே மாற்றி மாற்றி ஊதுவார்கள்.”

ஒருவர் வாய் வைத்த ஊதுவாயைத் துடைத்து மற்றவர் தம் வாயில் வைக்கிறார். எச்சில் என்றும் தீட்டு என்றும் மனிதரைப் பிரித்த நாட்டில் இது சிறிய செயலா? மேடையில் நின்று பேசும் சமத்துவத்தைவிட, வேப்பமரத்தடியில் கண்ட இந்தச் சமத்துவம் என் நெஞ்சைத் தொட்டது.

இருள் சூழ்ந்தது. கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தனர். யூபோனியத்தின் பெட்டியை மூடியபோது மாஸ்டர் சொன்னார்: “எனக்கு மூச்சு குறைகிறது, ஐயா. இதைத் தூக்க இன்னும் ஆள் வரவில்லை.” வேலை தேடி இளைஞர் வெளியூர் செல்லும் வறண்ட பூமியில், அது அவருடைய கவலை மட்டுமன்று.

அன்பு வாசகர்களே, உங்கள் பங்கின் ஏதோவோர் அறையிலும் பூட்டிய பேண்டுப் பெட்டியொன்று கிடக்கலாம். திறந்து பாருங்கள். வால்வு இறுகியிருந்தால் எண்ணெய் இடுங்கள். உங்கள் மகனையோ மகளையோ மாஸ்டரிடம் அனுப்புங்கள். பிறகு, அந்த இசை எல்லாத் தெருவுக்கும் செல்கிறதா என்று கவனியுங்கள்.