மத்ரஸா ஜீப்புக்குப் பட்டை மாற்றியபோது



பென்னலூரில் நாம் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவுக்கு ஒரு பழைய ஜீப் உண்டு. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வகை. தினமும் காலையில் பிள்ளைகளை அழைத்து வரும். மழைக்காலத்தில் ஏரிக்கரைக் குடியிருப்புகளுக்கு அரிசி மூட்டைகளைச் சுமக்கும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலுக்குப் பின் அவ்வாறு சென்றபோது, பின்பக்கம் அமுங்கிச் சேஸிஸ் அச்சோடு மோதியது.

லீஃப் ஸ்பிரிங் எனப்படும் பட்டைக் கட்டை மாற்ற ஜமாஅத்தார் பணம் ஒதுக்கினர். "தடித்த பட்டையாகப் போடுங்கள், வண்டி இரண்டு அங்குலம் உயரட்டும்" என்று பட்டறையில் சொன்னது நாமே. இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் வரும் புது வண்டிகளின் நடுவே நம் ஜீப்பும் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசை அதில் கலந்திருந்தது. "ஹஜ்ரத், தினசரி எவ்வளவு எடை ஏறும்?" என்று பட்டறை முதியவர் கேட்டார். மூட்டைக் கணக்கைச் சொன்னோம். பிள்ளைகளின் கணக்கைச் சொல்லவில்லை.

மறு வாரம் வேகத்தடையில் ஜீப் துள்ளியது. பின் பெஞ்சிலிருந்த ஏழு வயதுச் சிறுமியின் உதடு கிழிந்தது. அவளுடைய தகப்பனார் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே நமக்குப் பாரமாயிற்று.

முதியவரிடம் திரும்பிச் சென்றோம். பட்டையின் தடிமன் கால் பங்கு கூடினாலே விறைப்பு ஏறத்தாழ இரு மடங்காகும் என்றார். குறைந்த எடைக்கு அது வளையாது. சாலையின் அடி முழுவதும் இருக்கைக்கு வந்துவிடும். வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும் அச்சு உயராது, அது சக்கரத்தோடு நிற்பது என்பதையும் அன்றுதான் அறிந்தோம். பழைய தடிமனிலேயே புதுக் கட்டும், அதனடியில் சற்று நேரான ஓர் உதவிப் பட்டையும் பூட்டினார். வண்டி இலேசாக இருக்கையில் உதவிப் பட்டை சும்மா இருக்கும். மூட்டை ஏறி மேற்கட்டு அமுங்கிய பின்னரே சுமையில் பங்கு கொள்ளும். தேய்ந்துபோன ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினார்.

தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தபோது, கவசத்தின் வளையங்களை அளவறிந்து இணைக்குமாறும் கட்டளையிட்டதை ஸபஃ அத்தியாயம் கூறுகிறது. பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு நாம் விளக்கிய வசனம். பட்டறையில் நின்றபோதுதான் நமக்கு உறைத்தது.

முதலில் வாங்கிய தடித்த பட்டைகளின் விலை ஜமாஅத்தின் அமானத். அதை நம் சம்பளத்திலிருந்து திருப்பிச் செலுத்தி வருகிறோம். இன்னும் இரண்டு தவணை உள்ளது. சிறுமி மீண்டும் அதே பின் பெஞ்சில்தான் அமர்கிறாள். வேகத்தடை வரும்போது மட்டும் இரு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள்.