சின்ன நோட்டு

ஆர்.கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் இயக்க, 1980களின் பிற்பகுதியில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய 'மால்குடி டேஸ்' தொடரை என் தலைமுறை யூடியூபில்தான் கண்டது. நான் அதனை அப்பாவுடன் பார்த்தது 2020 ஊரடங்கில், முலுண்டில், எங்கள் நொறுக்குத்தீனிக் கடை பூட்டிக் கிடந்த நாள்களில்.

அத்தொடரின் 'மிட்டாய்வாலா' பகுதிகள் 1967இல் வெளிவந்த 'தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்' நாவலிலிருந்து உருவானவை. அனந்த் நாக் ஏற்று நடித்த ஜகன், காந்தியவாதி. கடையில் அமர்ந்தே கீதை படிப்பவர். கலப்பட நெய்யைத் தொடாதவர். ஆயினும் மாலை ஆறு மணிக்குமேல் வரும் பணத்தை அவர் தனியே எடுத்துவைப்பார். வரிக்கணக்கில் அது ஏறாது. நாவலில் அதற்கு அவர் இட்ட பெயர் 'ஃப்ரீ கேஷ்'.

முலுண்டில் வளர்ந்தவர்க்கு இத்தகைய கோடு புதிதன்று. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை, மும்பைக்குள் நுழையும் சரக்குக்கு எங்கள் செக் நாக்காவில் ஆக்ட்ராய் வசூலித்தார்கள். சாலையில் இருந்த அந்தக் கோட்டை ஜகன் கடிகாரத்தில் போட்டுக்கொண்டார்.

எங்கள் வீட்டிலும் ஒரு கோடு இருந்தது. அப்பா, பொரித்த எண்ணெயை மறுநாள் பயன்படுத்தமாட்டார். அதனால் வந்த நட்டத்தை நான் அறிவேன். ஆனால் கடைக்கு இரண்டு நோட்டுகள் இருந்தன. கையெழுத்து நன்றாக இருந்ததால் எட்டாம் வகுப்பு முதல் இரண்டையும் நானே எழுதினேன். அதிகாரிகள் காணாத இரண்டாவதன் பெயர் 'சின்ன நோட்டு'.

தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுப்பது நம் இலக்கண மரபு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறிக்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று. வகுப்பில் அதைப் படித்தபோது சின்ன நோட்டு என் நினைவுக்கு வரவேயில்லை. தம் பணத்தைக் கறுப்புப் பணம் என்று எவரும் சொல்வதில்லை. நேர்மையானவர் லாபத்தின் பக்கம் சாய்வதற்குப் பொய் தேவைப்படுவதில்லை. மென்மையான ஒரு பெயர் போதும்.

அன்று நான் கேட்டேன்: "அப்பா, இது நம்ம சின்ன நோட்டு மாதிரி இல்ல?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எழுதினது நீதானம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை.

ஜகனின் மகன் மாலி, பரணிலிருந்த அந்தப் பணத்தைக் கேளாமலே எடுத்து அமெரிக்கா செல்கிறான். பின்னர் ஜகன் இனிப்பின் விலையைக் குறைத்ததும், பிற கடைக்காரர்கள் பதறிப்போய் அவரைத் தேடி வருகிறார்கள். ஆறு மணிக்குப் பிந்தைய பணம் எவரையும் உறுத்தவில்லை. லாபத்தை விட்டுக்கொடுத்ததே ஊருக்குக் குற்றமாகப் பட்டது. சிரித்துக்கொண்டே பார்த்த காட்சி அது.

நான் மாலி போல் எடுத்துச் சென்றவள் அல்லள். முதுகலை வரை கட்டணத்தைக் கேட்டுத்தான் வாங்கினேன். எந்த நோட்டிலிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அந்தக் கணக்கை எழுதியவள் நான்.

இப்போது ஆய்வேட்டின் நன்றியுரையை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'தம் உழைப்பால் என்னைப் படிக்கவைத்த தந்தை' என்ற தொடரில் நின்றுவிட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை. 'சின்ன நோட்டு' என்ற பெயரிலும் பொய் இருந்ததில்லை.