கொல்லிமலையில் ஓர் ஆள்மாற்றம்

வல்வில் ஓரி விடுத்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஊடுருவியதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். அவ்வோரி ஆண்ட கொல்லிமலைக்கு 2011-ஆம் ஆண்டில் யான் சென்றது, மூன்று காலாண்டுகளாக விற்பனை இலக்கில் பாதியைக்கூட எட்டாத ஒருவரை மாற்றுவது குறித்து முடிவெடுக்கவே.

மருத்துவக் கருவிகள் விற்கும் நிறுவனமொன்றில் அப்போது வட்டார மேலாளராக இருந்தேன். நாமக்கல், இராசிபுரம், கொல்லிமலை ஆகியவை அப்பிரதிநிதியின் பகுதி. ஆளை மாற்றுமாறு தலைமையகம் எழுதிவிட்டது. எண்களை மட்டும் நம்பி ஒருவரது பிழைப்பைப் பறிக்க மனம் ஒப்பவில்லை. அவருடனேயே சென்று பார்க்கத் துணிந்தேன்.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, மலைமேல் ஒரு சுகாதார நிலையத்தை அடைந்தோம். அவரைக் கண்டதும் செவிலியர் முகம் மலர்ந்தது. இரத்த அழுத்தமானியைப் பிரித்து, காற்றுக் கசிந்த குழாயை மாற்றி, பாதரச மானியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிட மிகுதியாகக் காட்டும் என்பதையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அரை நாள் கழிந்தது. ஆணைப் புத்தகம் திறக்கப்படவேயில்லை. திறந்திருந்தாலும் பயனில்லை. அரசு நிலையங்களுக்கான பெருங்கொள்முதல், 1994-இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியே சென்னையில் நடைபெறுவது. மலைக்கும் சேர்த்து இலக்கு வகுத்தவர் இதனை எண்ணவில்லை போலும்!

ஆயினும் மறுநாள் நாமக்கல்லில் கண்டது வேறு. தனியார் மருத்துவமனைகளில் கருவியைத் தெளிவுற விளக்கினார், "எத்தனை வேண்டும்?" என்னும் கேள்வி மட்டும் அவர் வாயினின்று வரவில்லை. மருத்துவர் எழுந்தால் இவரும் எழுந்துவிடுவார். நல்ல மனிதர் என்பதற்காக இக்குறையை மறைப்பது நேர்மையாகாது.

விற்பனைக்கு வேறொருவரை அமர்த்தி, இவரைப் பழுதுநீக்கும் பிரிவுக்கு மாற்றலாம் என எழுதினேன். முதலில் மறுத்தனர். பழுதான கருவிகளைச் சேலத்திற்குக் கொண்டுவந்து திருப்பியனுப்பும் செலவைக் கணக்கிட்டுக் காட்டிய பின்பே இசைந்தனர். ஆனால் ஊக்கத்தொகை நின்றுபோயிற்று. மூன்று பிள்ளைகளின் தந்தையான அவர், அதைக் கேட்டுத் தலையை மட்டும் அசைத்தார்.

ஒரு திங்கள் இருவரும் சேர்ந்தே சுற்றுமாறு ஏற்பாடு செய்தேன். எம்மருத்துவர் எந்நேரம் ஓய்வாயிருப்பார், எவரிடம் நிலுவை உள்ளது, செயல்விளக்கக் கருவி எங்கே கிடக்கிறது என்பன எந்த ஏட்டிலும் இல்லை. பழையவர் நெஞ்சில்தான் இருந்தன.

புதியவர் இரண்டாம் காலாண்டிலேயே நாமக்கல்லிலும் இராசிபுரத்திலும் இலக்கைத் தொட்டுவிட்டார். கொல்லிமலையிலிருந்து அவருக்கும் ஓர் ஆணைகூட வரவில்லை.